நடக்காமல் போனதன் இலக்கணம்

முதல் பீரியட், ஜெர்மன்.
கவிழ்ந்த தலைகளை எண்ணித்தான்
இன்று வருகைப் பதிவு.

கன்னத்தில் வரைந்த சிவப்புச் சிலுவையோடு
தெக்லே தூங்குகிறாள்.
நோட்டிலும் ஒன்று அச்சாகிவிட்டது.
பத்ரிக்குக் குரல் போய்விட்டது,
தலையைத் தூக்காமல் கையை மட்டும் தூக்கினான்.
லாஷா விழித்திருக்கிறானே என்று அருகில் போனேன்.
கண்ணைத் திறந்துவைத்துத் தூங்க
எங்கே படித்தானோ.

நானும் அப்படித்தான் நிற்கிறேன்.
பசி வேறு.
பாலத்தடி ரொட்டிக்கடையை இன்றைக்கென்று பார்த்து
மூடிவிட்டான் புண்ணியவான்.

நேற்றிரவு ஒன்றரை மணி.
ரியோனி ஆற்றின் இரு கரையிலும்
குதாயிசி நகரமே விளக்கணைக்காமல் இருந்தது.
ஐந்தாவது பெனால்டி.
என் டிவி
பக்கத்து வீட்டு டிவியைவிட இரண்டு நொடி பிந்தி ஓடும்.
எங்கள் வீட்டுப் பந்து புள்ளியில்தான் இருந்தது,
அவன் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்,
சுவருக்கு அப்பால் அழுதுவிட்டார்கள்.

தெரிந்தும் எழுந்து நின்றேன்.
தெரிந்தும் வேண்டிக்கொண்டேன்.
கம்பத்தில் பட்டது,
இங்கேயும்.

இன்றைய பாடம் நான் தேர்ந்தெடுத்ததில்லை,
பக்கம் எழுபத்தொன்று, வரிசைப்படி வந்தது:
நடக்காமல் போனதைச் சொல்லும் வினை.
மழை பெய்திருந்தால் நனைந்திருப்போம்.
பணம் இருந்திருந்தால் வாங்கியிருப்பேன்.
கரும்பலகையில் எழுதினேன்.
சாக்பீஸ் கிறீச்சிட்டதற்கு
ஒரே ஒரு இமை அசைந்தது.

உலுக்கி எழுப்பியிருப்பேன்.
ஆனால் வரும் வழியில்
துணைத் தலைமையாசிரியர் சியூரியின் அறையை
எட்டிப் பார்த்திருந்தேன்.
கைப்பையைத் தலைக்கு வைத்து,
வாய் சற்றே திறந்து.
மெல்லக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"டீச்சர், நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

கடைசி பெஞ்ச். நுக்ரி.
ஆறு மாதமாக எனக்குத் தெரிந்ததெல்லாம்
அவன் உச்சந்தலைதான்.
வெள்ளையாக ஏதோ ஒட்டிய சுழி.
பொடுகு என்று நினைத்திருந்தேன்.
'வகுப்பில் தூங்குகிறான்' என்று
அக்டோபரில் ஒன்று, ஜனவரியில் இரண்டு
வீட்டுக்குக் குறிப்பு அனுப்பினேன்.
யாரும் வரவில்லை.

இன்று முகம் பார்க்கிறேன்.
இடப்புருவத்தில் பாதி கருகியிருக்கிறது.

"நீ மேட்ச் பார்க்கலையா?"

"கூடுதல் நேரத்துலயே தூங்கிட்டேன் டீச்சர்.
விடிஞ்சா யார் ரொட்டி வாங்க வரப்போறாங்கன்னு
மாமா அடுப்பே பத்த வைக்கலை.
இல்லன்னா நாலு மணிக்கு மாவு பிசையணும்,
அப்புறம் ஏழரை வரைக்கும்
அடுப்புக்குள்ள குனிஞ்சு ஒட்டணும்."

குறை சொல்லும் குரல் இல்லை.
பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னான்.

"பாலத்தடியிலயா?"

"ஆமா. நீங்க ஒண்ணு வாங்குவீங்க.
நுனி முறுகலா கேட்பீங்கன்னு மாமா சொல்வார்."

படகு போன்ற அந்த ரொட்டி.
செய்தித்தாளில் சுற்றித் தருவார்கள்.
நுனியைப் பிய்த்துத் தின்றுகொண்டே வந்து
எத்தனை காலை
இவன் மேசையைத் தட்டியிருக்கிறேன்.

"சரி, உன் வாக்கியம்?"

எழுந்து நின்று ஜெர்மனில் சொன்னான்,
ஒவ்வொரு சொல்லாக, சுடும் பாத்திரம் பிடிப்பதுபோல்:
'கடை திறந்திருந்தால்
நான் இந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பேன்.'
வினை கடைசியில், இருக்கவேண்டிய இடத்தில்.
ஒரு பிழை இல்லை.

மழையை அழித்தேன்.
பணத்தையும் அழித்தேன்.
அவன் சொன்னதை எழுதினேன், பெரிதாக.

மணி அடித்தது.
தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.
எதையோ தவறவிட்டோம் என்ற பயத்தில்
கரும்பலகையைப் பார்த்து அவசரமாக
எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்,
கடை திறந்திருந்தால் நான் இந்நேரம்.

கன்னத்துச் சிலுவை கலைந்து
தெக்லே கேட்டாள்:
"எந்தக் கடை டீச்சர்?"

நுக்ரி
பையை மாட்டிக்கொண்டிருந்தான்.